எங்கள் இன்ஜினுக்கு வாய்த்த எண்ணெய்

சித்திரை மாதப் பிற்பகல். தகரக் கூரைக்குக் கீழே மூன்று மணி நேரமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த எங்கள் நீராவி இன்ஜினின் மெயின் பேரிங்மீது புறங்கையை வைத்தேன். எடுக்க மனம் வரவில்லை. குளிக்க விளாவிய வெந்நீரின் பதம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 45 டிகிரி. கொட்டகைக் காற்றே அப்போது 38 டிகிரி. ஓர் ஆள் உயர ஃபிளைவீல் நிமிடத்துக்கு 110 சுற்றுச் சுற்றுகிறது, அதைத் தாங்கும் பேரிங்குக்கு ஏழே டிகிரிதான் கூடியிருக்கிறது! சத்தம் என்று பார்த்தால், பெல்ட்டின் தையல் புல்லிமேல் ஏறும்போது கேட்கும் ஒரு 'டக்' மட்டும்தான்.

அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு எண்ணெய்க்காக இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா என்று கேட்பவர்கள் கொட்டகைக்கு வந்து அந்த பேரிங்மேல் கையை வைத்துப் பார்க்கட்டும்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் அப்பா நடத்திய அரிசி ஆலையில் இருந்த இன்ஜின் இது. ஒற்றை சிலிண்டர், படுக்கை வசம். இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ ஊரில் மார்ஷல் கம்பெனி செய்தது. உமியைப் போட்டு எரித்த பாய்லரில் நீராவி எடுத்து, 1979 வரை நெல் அரைத்தது. மின்சார மோட்டார் வந்ததும் நின்றுபோனது. அப்போது எனக்கு எட்டு வயது. நாற்பது வருஷம் கழித்துத் துருவைச் சுரண்டி, அதை மறுபடி சுற்ற வைத்தோம். பழைய பாய்லரைத் தொடவில்லை, அதன் காலம் முடிந்தது. பக்கத்தில் தம்பியின் மில்லில் நெல் அவிக்கும் புது பாய்லர் இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் இழுத்தோம்.

இரும்பு வேலையெல்லாம் நான் பயந்த அளவுக்கு இல்லை. பட்டறையும் லேத்தும் இருந்தால் நடந்துவிடும். என்னை இரண்டு வருஷம் அலைக்கழித்தது எண்ணெய்தான்.

முதலில் டீசல் இன்ஜினுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயிலை ஊற்றினேன். நல்ல ஆயில், விலை கூடிய ஆயில். என் டிராக்டருக்கு அதைத்தான் ஊற்றுகிறேன். இரண்டாம் நாள் பேரிங் ஓரத்தில் மோர் மாதிரி வெள்ளையாக ஒன்று நுரைத்து வழிந்தது. தொட்டால் வழவழப்பில்லை, பசையாக ஒட்டியது. மெயின் பேரிங் 74 டிகிரிக்குப் போய்விட்டது. கை வைக்க முடியவில்லை.

காரணம் புரிந்தபோது அந்த ஆயில்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. டீசல் இன்ஜினில் கரியையும் அழுக்கையும் எண்ணெயிலேயே மிதக்க வைத்துக் கொண்டுபோய் ஃபில்டரில் சேர்க்க வேண்டும். அதற்காக அதில் சோப்பு போன்ற மருந்துகளைச் சேர்க்கிறார்கள். எங்கள் நீராவி இன்ஜினில் ஃபில்டரும் இல்லை, எண்ணெய் திரும்பி வருவதும் இல்லை. மேலே சொட்டுகிறது, பேரிங் வழியாகப் போகிறது, கீழே தட்டில் விழுகிறது, கதை முடிந்தது. பிஸ்டன் ராடு வரும் கிளாண்டிலிருந்து நீராவி எப்போதும் கொஞ்சம் கசியும். அது ஆறினால் தண்ணீர். சோப்பும் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றாகக் கடையப்பட்டால் மோர்தானே வரும்! இங்கே வேண்டியது தண்ணீரைத் தன்னோடு சேர்க்காமல் தள்ளிவிடும் எண்ணெய்.

அடுத்து யாரோ சொன்னார்கள் என்று கியர் பாக்ஸுக்கு ஊற்றும் 90 நம்பர் ஆயில். கெட்டியாக இருந்தது, மோர் ஆகவில்லை, சூடும் இறங்கியது. ஆறு மாதம் கழித்து மெயின் பேரிங்கைத் திறந்தேன். பொன்னிறமாக இருக்கவேண்டிய கன்மெட்டல் கறுத்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது, உண்மை. கியர் ஆயிலில் பற்கள் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் இருக்கக் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து போடுவார்கள். எஃகுக்கு அது கவசம். செம்பு கலந்த உலோகங்களுக்கு, சூடு ஏற ஏற, அதே கந்தகம் அரிப்பு. நம் இன்ஜினின் பேரிங்குகள் எல்லாம் செம்பும் வெள்ளீயமும் கலந்தவை.

அன்றிலிருந்து எந்த எண்ணெய் வந்தாலும் முதலில் செம்புத் தகட்டில் சோதிக்கிறேன். ஆய்வகங்களில் இது நிலைபெற்ற சோதனை. பளபளவென்று தேய்த்த செம்புத் துண்டை எண்ணெயில் மூழ்கவைத்து 100 டிகிரியில் மூன்று மணி நேரம் விட்டு, நிறத்தைப் பார்ப்பார்கள். நான் வீட்டிலேயே செய்தேன். ஒரு கண்ணாடிக் குழாயில் எண்ணெய், அதில் ஒரு செம்புத் துண்டு, வெளியே கொதிக்கும் தண்ணீர். அந்தக் கியர் ஆயிலில் கிடந்த துண்டு மயில்கழுத்து நிறத்தில் வெளியே வந்தது. பார்க்க என்னவோ அழகுதான். என் பேரிங்குக்கு அந்த அழகு வேண்டாம்.

மூன்றாவதாக வந்ததுதான் வாய்த்த எண்ணெய். மருந்து எதுவும் கலக்காத, சுத்தமான கனிம எண்ணெய். டப்பாவில் 220 என்று போட்டிருக்கும்.

இந்த 220 என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆயில் கடையில் நிறையப் பேர் இந்த நம்பர்களில் குழம்புவதைப் பார்க்கிறேன். இது எண்ணெய் எவ்வளவு மெதுவாக ஓடும் என்பதன் அளவு. 1975-இல் உலகத்துக்கே பொதுவாக ஐஎஸ்ஓ வகுத்த வரிசை: 68, 100, 150, 220, 320, 460 என்று ஏறிக்கொண்டே போகும். இன்ஜின் ஆயிலின் 30, 40, 50 நம்பர்கள் வேறு வரிசை, கியர் ஆயிலின் 90, 140 வேறு வரிசை. இன்ஜின் ஆயில் 50-உம் கியர் ஆயில் 90-உம் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான், இரண்டுமே 220-க்குப் பக்கத்தில் வரும். நம்பர் பெரிதாக இருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

இதில் எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது ஒன்று உண்டு. அந்த 220 என்பது 40 டிகிரி சூட்டில் எடுத்த அளவு. இங்கிலாந்தில் எழுதிய பழைய கையேடுகளைப் படித்து, சிறிய இன்ஜினுக்கு 100 அல்லது 150 போதும் என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் காலையில் பத்து டிகிரி குளிரில் இன்ஜினைத் தொடங்குகிறவர்கள். அந்தக் குளிரில் எண்ணெய் தேன்போல உறைந்து நிற்கும். நமக்கோ 40 டிகிரி என்பது அக்னி நட்சத்திரத்தில் நிழலின் சூடு! அவர்களுக்கு ஓடிக் களைத்த பேரிங்கின் சூடு எதுவோ, அது நமக்கு இன்ஜின் தொடங்கும் முன்பே இருக்கிறது. அதன்மேல் இருபது டிகிரி ஏறினால் 220 எண்ணெயின் கெட்டி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் கரைந்துவிடும். ஆகவே சமவெளித் தமிழ்நாட்டில் ஒரு படி கெட்டியான எண்ணெய்தான் நியாயம். இதைக் கண்டுகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எண்ணெய் எப்படி இவ்வளவு எடையைத் தாங்குகிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த கதை அற்புதமானது. பியூசாம்ப் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்குகளை ஆராய்ந்தார். 1883-இல் அவர் அறிக்கை வந்தது. அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் மூழ்கிச் சுழல, மேலே பேரிங் எடையோடு உட்கார்ந்திருக்கும். எண்ணெய் விடுவதற்கென்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். துளை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே பொங்கி வந்தது! கார்க்கால் அடைத்தார், தள்ளிக்கொண்டு வந்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதுவும் மெல்ல மெல்ல எழும்பி வந்தது. அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டினால் முள் 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங்மேல் இருந்த சராசரிப் பாரமோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

அந்த மரக்கட்டை எழும்பி வந்த காட்சியை நான் எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், குறுகலான இடத்தில் ஆப்பு மாதிரி செருகுகிறது. அந்த ஆப்புதான் பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதிவிட்டார். உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. நடுவில் இருப்பது தலைமுடியை விட மெல்லிய எண்ணெய்ப் படலம். எங்கள் ஃபிளைவீலையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. அவை அந்தப் படலத்தின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றன!

இதிலிருந்து எண்ணெய் தேர்வு தானாக வந்துவிடுகிறது. வேகமாகச் சுற்றும் அச்சு மெல்லிய எண்ணெயையும் ஆப்பாக்கிவிடும். மெதுவாகச் சுற்றுவதற்குக் கெட்டி எண்ணெய் வேண்டும், இல்லையென்றால் ஆப்பு செருகுவதற்குள் வழிந்துவிடும். நிமிடத்துக்கு 110 சுற்று என்பது இன்றைய கணக்கில் ஆமை வேகம். கரும்பாலையில் சாறு பிழியும் உருளைகள் இன்னும் மெதுவாக, இன்னும் பாரத்தோடு சுற்றும், அவற்றின் பேரிங்குக்குப் பாகு மாதிரி எண்ணெய் ஊற்றுவார்கள். எனக்கு 220-ஐ எடுத்துக் கொடுத்தவரே கரும்பாலைகளுக்குச் சப்ளை செய்யும் ஒரு கடைக்காரர்தான். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை அந்த டப்பாவுக்குப் போய்விட்டது.

சரியான எண்ணெய் மட்டும் இருந்தால் போதாது, அது போய்ச் சேரும் வழியும் வேண்டும். எங்கள் மெயின் பேரிங்கின் தலையில் பித்தளைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவே ஒரு குழாய். கிண்ணத்து எண்ணெயில் ஒரு முனையும் குழாய்க்குள் மறுமுனையுமாகத் தொங்குவது கம்பளி நூல் திரி. அகல் விளக்கில் எண்ணெய் ஏறுகிற அதே விதத்தில் ஏறி, வளைந்து, அந்தப்பக்கம் சொட்டுகிறது. அசையும் பாகம் எதுவும் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. எத்தனை இழை போடுகிறோமோ அத்தனை சொட்டு. இப்போது ஒரு பேரிங்குக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 24 மில்லி, அரை டீ கிளாஸ்கூட வராது.

திரிக்கு ஆசைப்பட்டுப் பருத்தி நூலைப் போடாதீர்கள். எண்ணெயில் ஊறிய பருத்தி தளர்ந்து அமுங்கிவிடுகிறது. கம்பளி தன் சுருளை விடாமல் நிற்கிறது. புதுத் திரியை ஒரு நாள் முழுக்க எண்ணெயில் ஊறப்போட்ட பிறகுதான் மாட்ட வேண்டும். இன்ஜினை நிறுத்தியதும் திரியைக் குழாயிலிருந்து தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் கிண்ணம் காலி.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், அப்பா காலத்தில் இந்த இன்ஜினை ஓட்டிய பெரியவர். எண்பதைத் தொடும் வயது. கைத்தடியோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். 220-ஐ இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்து, விரலைப் பிரித்துச் சேர்த்து, இழை எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்தார்.

"இது நிக்கும் தம்பி. அப்போ நாங்க ஊத்துனது கிட்டத்தட்ட இதான்."

"சூடு பிடிச்சா என்ன பண்ணுவீங்க பெரியப்பா?"

"வெளக்கெண்ணெ! ஒரு கரண்டி வெளக்கெண்ணெய விட்டா அடங்கிடும். அப்புறம் வேகத்தக் கொறைக்கணும். பட்டுனு நிறுத்துனா ஷாஃப்ட்டு கவ்விக்கும், அத மட்டும் மறந்துடாத."

விளக்கெண்ணெய் வெறும் கைவைத்தியம் இல்லை. நம் மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மை போட்டார்களே, அதன் தொடர்ச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ரயில்களுக்கே விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. ஆப்பு உருவாகாத நேரத்தில், அதாவது இன்ஜின் தொடங்கும்போதும் நிற்கும்போதும், அந்தப் பற்றுதான் காப்பாற்றும். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்த வேக்ஃபீல்டு கம்பெனி 1899-இல் ரயில்களுக்கும் கனரக இயந்திரங்களுக்கும் எண்ணெய் விற்கத்தான் தொடங்கியது. ஆனால் நாட்பட்டால் விளக்கெண்ணெய் பிசினாகும், கனிம எண்ணெயோடு சரியாகக் கலக்கவும் கலக்காது. அதை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பிஸ்டன் ராடின் தலை வழுக்கி ஓடும், நீராவி எப்போதும் ஈரமாக்கும் கிராஸ்ஹெட் சட்டத்துக்கு, கொழுப்பெண்ணெய் சிறிது கலந்த ஆயில் தனியாக. பிரிட்டிஷ் ரயில்களில் கடுகு இனத்து ரேப் எண்ணெயைக் கலந்ததும் இந்தப் பற்றுக்காகத்தான்.

சிலிண்டருக்குள் ஊற்றுவது முற்றிலும் வேறு எண்ணெய். அங்கே 100 பவுண்டு நீராவி என்றால் 170 டிகிரி சூடு. 220 அங்கே தண்ணீராகிவிடும். அதற்கு 680 நம்பர் சிலிண்டர் ஆயில். அதை பேரிங்கில் ஊற்றினால் திரியில் ஏறாது. இரண்டு கேனுக்கும் இரண்டு நிறம் அடித்து வைத்துவிட்டேன்.

எங்கள் கொட்டகையில் நாலைந்து பேரிங்தான். இதையே பெரிய அளவில் பார்க்க ஆசைப்பட்டு மேட்டுப்பாளையம் போனேன். 1899-இல் குன்னூர் வரை திறந்த நீலகிரி மலை ரயில். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை இன்ஜின்களும், பிறகு நம் திருச்சி பொன்மலைப் பணிமனையே செய்த இன்ஜின்களும் ஓடும் பாதை. விடியும் முன்பே போய் நின்றுவிட்டேன். நீண்ட மூக்குள்ள ஆயில் கேனோடு அவர்கள் இன்ஜினைச் சுற்றி வருவதைப் பார்க்க வேண்டுமே! ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், மொத்தம் நான்கு. கீழ்ச் சிலிண்டர்கள் சக்கரங்களைச் சுழற்றும். கல்லாறு தாண்டிப் பல்தண்டவாளம் தொடங்கியதும், அங்கே வேலை முடித்த நீராவி மேல் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரங்களைச் சுழற்றும். மேல் ராடுகள் ஒரு திசையில் சுழல, கீழ் ராடுகள் எதிர்த்திசையில். இத்தனை மூட்டுக்கும் ஒவ்வொன்றாக எண்ணெய் போகிறது. ஒரு மூட்டைக்கூட அந்தக் கேன் மறக்கவில்லை. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் மலை அது. சமவெளி வெக்கையில் ஊற்றிய எண்ணெய் குன்னூர்க் குளிரிலும் ஓட வேண்டும். கூட்டம் எல்லாம் புகைபோக்கியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் அந்த எண்ணெய்க் கிண்ணங்களின் மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண் நிறைந்துவிட்டது.

எண்ணெய் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி சொல்ல வேண்டும். நீராவி இன்ஜின்களின் உலக வேகச் சாதனையான மணிக்கு 126 மைலை 1938 ஜூலை 3-ஆம் தேதி இங்கிலாந்தின் மாலார்ட் எட்டியது. அந்த ஓட்டத்தில்தான், கிராங்கைப் பிடிக்கும் அதன் நடு பிக் எண்ட் பேரிங் சூடேறி உருகியது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த அந்த பேரிங்கில் சோம்பு மணம் அடைத்த குப்பி ஒன்றை வைத்திருந்தார்கள். சூடு ஏறினால் குப்பி உடைந்து மணம் வரும், டிரைவர் தெரிந்துகொள்வார். உலகத்திலேயே வேகமான நீராவி இன்ஜின் அன்று லண்டன்வரை போய்ச் சேரவில்லை. பீட்டர்பரோவில் கழற்றிவிட்டு, வேறு இன்ஜினை மாட்டித்தான் வண்டியைக் கொண்டுபோனார்கள்.

போன மாதம் மெயின் பேரிங்கை மறுபடி திறந்தேன். ஒன்றரை வருஷம், வாரத்துக்கு ஒரு நாள் 220 குடித்த பேரிங். துணியால் ஒரு துடை துடைத்ததும் கன்மெட்டல் பொன்னாக மின்னியது. கறுப்பு இல்லை, கீறல் இல்லை. ஷாஃப்ட்டில் என் முகம் தெரிந்தது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய மில்லின் பின்கட்டில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே இப்படி ஓர் இன்ஜின் நிற்கலாம். தயவுசெய்து பழைய இரும்புக்கு எடை போட்டுவிடாதீர்கள். அவசரப்பட்டுச் சுழற்றியும் பார்த்துவிடாதீர்கள். முதலில் எண்ணெய்த் துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுங்கள், மருந்து கலக்காத 220-ஐ ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் நாலு பேர் சேர்ந்து ஃபிளைவீலைக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். திரும்பினால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள், கம்பளித் திரியோடு வந்து நிற்கிறேன்.